ஊதாமல் நின்ற நாற்பது நிமிடம்: நாயன, தவில் தொழில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிக் கரையிலும் அதைத் தாண்டியும் நாயனமும் (நாகஸ்வரமும்) தவிலும் வாசித்துக் குடும்பம் நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், இசைப்பள்ளி முடித்து இப்போதுதான் மேளச் செட்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உங்களில் ஒருவன் எழுதுவது. வணக்கம்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஊர் வேண்டாம். பெரிய மண்டபம், உள்ளே முழுக்க ஏசி. எங்களைப் பேசியது பெண் வீட்டாரும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை; கல்யாணத்தை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனி. அட்வான்ஸ் 10,000 ரூபாய் பேசிய அன்றே கணக்கில் ஏறிவிட்டது. ஜோடி நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆறு பேர் போனோம். ஒரே நிறத்தில் ஜிப்பா, சரிகைத் தலைப்பாகை எல்லாம் அவர்களே வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கம்பெனித் தம்பி வந்தார். "அண்ணே, பாட்டை நாங்க டிராக்குல போட்டுடுவோம். நீங்க வாயில வச்சுக்கிட்டு லேசா ஆடிக்கிட்டே நின்னா போதும். வீடியோவுல சவுண்டு சுத்தமா இருக்கணும்ல, அதுக்குத்தான்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு வீட்டின் அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிய வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஒன்று நாயனத்தில் ஓடியது. யார் ஊதியதோ, எந்த ஸ்டுடியோவில் பதிந்ததோ. நாங்கள் நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பவைத்து, விரல்களை ஏற்றி இறக்கிக்கொண்டு நின்றோம். தவில்காரத் தம்பிகள் தோலில் படாமல் கையை வீசினார்கள். கேமரா எங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. நாற்பது நிமிடம் அப்படி நின்றோம்.

அப்போது அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன், ஆறு வயது இருக்கும், என் எதிரே வந்து நாயனத்தின் விரிந்த அடிப்பக்கமான அணசுக்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்து, "மாமா, காத்தே வரலையே" என்றான்.

முப்பத்தைந்து வருஷமாக ஊதுகிறேன். பந்தல் ஒழுக ஒழுக ஊதியிருக்கிறேன். காய்ச்சலோடு ஊதியிருக்கிறேன். அப்பா காரியம் முடிந்த மறுநாள் ஒத்துக்கொண்ட முகூர்த்தத்துக்குப் போய் ஊதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. சம்பளம் பாக்கியில்லாமல் வந்தது. கொண்டுபோய் வீட்டில் கொடுத்துவிட்டுப் படுத்தவன், விடிகிற வரைக்கும் கண் மூடவில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு சீவாளி வாங்கப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டில், திருவிழா முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில் என்று நம் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நான் ஒருவன் மட்டும் இப்படி நிற்கவில்லை என்று தெரிந்தது. டிராக்குக்கு நிற்காதவர்களும், கீபோர்டுக்காரர் போடும் தாளத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "இப்பல்லாம் யாருண்ணே கேக்குறாங்க?"

அந்தப் பேச்சைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் கேட்பதில்லை என்று நமக்கு யார் சொன்னது? மேடையில் ஏறியதும் ஒரு வர்ணத்தை முக்கால்வாசி வாசிக்கிறோம். ஹம்சத்வனியில் ஒரு கீர்த்தனையை ஓட்டமாக ஓட்டுகிறோம். அதற்குப் பிறகு கெட்டிமேளம் வரைக்கும் சினிமாப் பாட்டுதான். ராகம் என்று ஒன்றை எடுத்தால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அதற்குள் நமக்கே பயம் வந்துவிடுகிறது. யாராவது முகம் சுளிக்கிறார்களா, மண்டபக்காரர் கை காட்டுகிறாரா என்று கண் அலைகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கம் அந்தக் கண் போவதே இல்லை. கொடுத்துப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்கிறோம்.

என் குருநாதர் பெரிய பேர் எடுத்தவர் இல்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர்க் கோயிலில் மேளம் அவர் பொறுப்பு. விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி, குளத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, வெறும் ஸ மட்டும் ஊதச் சொல்வார். மூச்சால் ஊதும் அகாரமும் நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரமும் கைக்கு வரவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அவருக்குப் பின்னால் ஒத்து ஊதுகிற பெரியவர் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் தேக்கி, ஒரே சுரத்தை அறாமல் மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒத்து ஊதுகிறான் என்று ஊரில் ஏளனமாகச் சொல்கிறார்களே, அந்தப் பெரியவர் ஒரு தரம் மூச்சைத் தவறவிட்டால் என் குருநாதரின் ராகம் முழுக்கக் கோணிப்போகும். அவ்வளவு பொறுப்பான வேலை அது. இன்று அந்த இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. அந்த மனிதரின் கவனம் மட்டும் அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஒரு ஐப்பசி. உற்சவம் நடக்கிறது, அடைமழை. சாமி புறப்படும்போதே மணி பதினொன்று. புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியைக் கம்பீர நாட்டை ராகத்தில் வாசித்து ராஜகோபுரம் தாண்டினோம். தெற்கு வீதியில் திரும்பியபோது எண்ணிப் பார்த்தேன்: பல்லக்குத் தூக்கும் சீர்பாதம் தாங்கிகள், குருக்கள், தீவட்டிக்காரர், குடை பிடிக்கிறவர், பின்னால் ஒரு பாட்டி. தெருவில் ஒரு வீட்டுக் கதவும் திறந்திருக்கவில்லை. மேலவீதி முனையில் பல்லக்கை இறக்கிவைத்தார்கள். குருநாதர் காம்போதி ராகத்தை எடுத்தார். நான் ரெண்டாம் நாயனம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார், போய்ப் படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் போனது. கீழே மந்தரத்தில் அவர் நின்ற இடங்கள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் விரலில் இருக்கின்றன. மழைச் சத்தத்தோடு சேர்ந்து அந்தப் பஞ்சமம் கேட்ட மாதிரி ஒரு பஞ்சமத்தை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை டீ குடிக்கப் போனோம். கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ராத்திரி மேலவீதியில ஒண்ணு புடிச்சீங்களே, என்னங்க அது? நான் உள்ள படுத்துக்கிட்டுதான் இருந்தேன். எழுந்திரிக்க மனசு வரல. எழுந்து வந்தா நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு" என்றார். அதன் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூடிய கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் படுத்துக்கொண்டு கேட்டார்களோ, அது எங்களுக்குத் தெரியாது. குருநாதருக்கும் தெரியாது. தெரியாமலே அவர் அவர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்தார்.

நம் தொழில் வளர்ந்ததே இப்படித்தான். கச்சேரி மேடையும் டிக்கெட்டும் நேற்று வந்தவை. நாலு வீதியில் நின்று நின்று, நேரத்துக்குத் தக்க ராகம், வாகனத்துக்குத் தக்க மல்லாரி என்று விடிய விடிய வாசித்த இடத்தில்தான் ராக ஆலாபனை இவ்வளவு விரிந்தது. வாய்ப்பாட்டுக்காரர்கள்கூட நாயனத்தைக் கேட்டுத்தான் ராகத்தை நீட்டப் பழகினார்கள். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில், அந்த அதிவேகச் சுர உருட்டல்களில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம் கேட்கிறது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லாத நாளில்லை. செம்பனார்கோயில்காரர்கள் நாயனத்துக்கே உரிய ரக்தியை வாசித்துக் காட்டியதும், திருவீழிமிழலைச் சகோதரர்கள் ஜோடி நாயனத்தில் சாகித்யத்தின் சொல் விளங்குகிற மாதிரி கீர்த்தனை வாசித்ததும் யாரையும் மயக்கி அட்வான்ஸ் வாங்குவதற்காக இல்லை. கேட்கிறவன் ஒருவன் எதிரே இருந்தான், அவனை நம்பி வாசித்தார்கள்.

ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது நாம் எல்லோரும் அவருடைய செருக்கைத்தான் பேசுவோம். கிராப் வைத்தார், கோட்டு போட்டார், நின்றுகொண்டு வாசிக்க மாட்டேன், மேடை போடு என்றார். அது வெறும் மிடுக்கு என்று நினைக்காதீர்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கவைக்கப்பட்ட தொழிலுக்கு ஒரு ஆசனம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆசனத்தில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். குட்டையான திமிரி நாயனத்தின் கீச்சுச் சுருதியை விட்டுவிட்டு நீளமான பாரி நாயனத்துக்கு வந்தார். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி துளை கண்டு செய்துகொடுத்தார். ஒரு சுரம் ஒழுங்காகப் பேச வேண்டும் என்பதற்காக ஒரு வித்வானும் ஒரு ஆசாரியும் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். இன்று நாம் கையில் வைத்திருப்பது அந்த நாயனம். 2022-இல் நரசிங்கன்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு வந்தபோது நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள் அந்த ஆசாரிகள். அதை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன் என்று அவர்கள் முன்னால் போய் நான் எப்படிச் சொல்வேன்?

ஆந்திரத்தில் கரவதியில் பிறந்த நாயன வித்வான் ஷேக் சின்ன மௌலானா, ராஜரத்தினம் பிள்ளையின் பாணிக்கு மனதைக் கொடுத்துவிட்டு, நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து சிஷ்யராக உட்கார்ந்து, கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே வீடு போட்டுக்கொண்டார். வேறு மொழி, வேறு மதம். தஞ்சாவூர்ப் பாணியைத் தேடி அத்தனை தூரம் வந்தார். நாம் அதன் நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இவன் சினிமாப் பாட்டுக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தோடு ஜானகி அம்மா பாடியது ஆபேரி ராகத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைக் கேட்டு நாயனம் கற்க வந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் யாரும் தங்கள் வாசிப்பைச் சினிமாவுக்காகக் குறைத்துக்கொள்ளவில்லை. ஊரில் எப்படி வாசிப்பார்களோ அப்படியே போய் வாசித்தார்கள்.

ஒரு அறுபதாம் கல்யாணத்தில் நடந்தது. மாலை மாற்றி முடிந்ததும் அந்தப் பெரியவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, ஒரு பழைய பாட்டின் முதல் அடியைக் காதில் சொல்லி, "இது வருமா?" என்று கேட்டார். சின்ன வயதில் இலங்கை வானொலியில் கேட்டதாம், பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு. நான் வழக்கமான வேகத்தில் எடுக்கவில்லை. தவிலைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டு நிற்கிற ராகத்தை நாலு பிடியில் காட்டி, பிறகு பல்லவியை இழுத்து வாசித்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அது சினிமாப் பாட்டுதான். அன்று நான் வாசித்ததிலேயே நேர்மையான வாசிப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டவர் யார், அவருக்கு அது என்ன என்று தெரிந்து வாசித்தேன். அதே பாட்டை, ஆட்கள் கையைத் தட்டி ஆட வேண்டும் என்பதற்காக இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துத் தள்ளியிருந்தால், அந்த அம்மாவுக்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம்மில் பெரிய வித்வான்களுக்கு. கேட்கிறவரை மறப்பது கல்யாண மண்டபத்தில் மட்டும் நடப்பதில்லை. சபா மேடையில் ஏறி, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வித்வானுக்காகத் தாளக் கணக்கில் கோர்வைக்கு மேல் கோர்வை வைக்கிறோம். தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கணக்கு வானத்துக்குப் போகிறது. சபையில் பாதிப்பேர் வாட்ச்சைப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. தவில் வித்வான் அளவெட்டி தட்சிணாமூர்த்தியைக் கேட்டவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கணக்குத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கேட்டதைச் சொல்வார்கள். கணக்கு அவருக்குச் சொல்ல வந்ததைச் சொல்ல உதவியது. நமக்கு அது கையிலிருக்கும் சரக்கைக் கடை விரிப்பதற்கு உதவுகிறது. பணத்துக்காக வாசிப்பதும் பேருக்காக வாசிப்பதும் கேட்கிறவரிடமிருந்து ஒரே தூரம்தான். விருதுக்கும் பட்டத்துக்கும் அலைந்த சில வருஷங்கள் எனக்கும் உண்டு. அந்த வருஷங்களில் நான் வாசித்த கரகரப்ரியா எதுவும் எனக்கே நினைவில் இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். ஆவணியிலிருந்து பங்குனி வரைக்கும் 31 முகூர்த்தம் வாசித்திருக்கிறேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும், யாரையும் கேட்காமல், முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு ராகத்தை எடுத்து இருபது நிமிடமாவது வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். விடிகாலை முகூர்த்தமானால் பிலகரி அல்லது மலயமாருதம், கொஞ்சம் தள்ளியிருந்தால் தோடி, சாயங்காலம் வரவேற்பென்றால் பூர்விகல்யாணி. டிராக் கேட்பவர்களிடம் பேசும்போதே வர முடியாது என்று சொல்லிவிடுவது.

எல்லா இடத்திலும் பூ மாலை விழவில்லை. ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா நேராக மேடைக்கு வந்து, "இழுத்துக்கிட்டே இருக்காதீங்க, பாட்டா வாசிங்க" என்றார். வாசித்தேன். இன்னொரு இடத்தில் டிஜேக்காரர் பாதியில் அவருடைய பாட்டைப் போட்டுவிட்டார். புரோக்கர் ஒருவர் எனக்குக் கல்யாணம் தருவதையே நிறுத்திவிட்டார். கையில் வந்த இரண்டு முகூர்த்தம் போயிற்று. தவில்காரத் தம்பி ஒருவன் "அண்ணே, என்னால முடியல" என்று வேறு செட்டுக்குப் போய்விட்டான். அவனுக்குச் சின்னக் குழந்தை, வாடகை வீடு. போகாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மண்டபத்தில் தோடியை எடுத்துக் காந்தாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பந்தி பரிமாறும் பையன்கள் நாலைந்து பேர் சாம்பார் வாளியோடு சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து தலைமைச் சமையல்காரர் திட்டிக்கொண்டே வந்தவர், அவரும் கரண்டியோடு நின்றார். நான் முடித்த பிறகுதான் பந்திக்கு இரண்டாம் தரம் சாம்பார் போனது. வேறொரு ஊரில் மண்டபம் கூட்டுகிற அம்மா, ஊஞ்சலுக்கு வாசித்த குறிஞ்சியை, "அத இன்னொரு தரம் வாசிப்பீங்களா, எங்க அம்மா பாடும்" என்று கேட்டார். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, காதில் கடுக்கன், என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுப் போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டான். அவன் தங்கை கல்யாணத்துக்கு இப்போது என்னைத்தான் பேசியிருக்கிறான். போன இரண்டு முகூர்த்தத்துக்கு ஈடாக இதைச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் இந்த வருஷம் எனக்குக் குறைவுதான். யாருண்ணே கேக்குறாங்க என்று கேட்டீர்களே, கேட்டவர்கள் இவர்கள்.

தொழிலில் இருக்கிற கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. 2020-இல் கல்யாணமும் இல்லை, கோயிலும் இல்லை. நம்மில் எத்தனை பேர் நாயனத்தை உறையில் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். பல கோயில்களில் மேளக்காரர் ஓய்வு பெற்ற இடம் காலியாகவே கிடக்கிறது. அந்த இடத்தில், பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளத்தை வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து எத்தனை தரம் கொதித்திருக்கிறேன். டிராக்குக்கு நின்ற அன்றைக்கு, கொதிக்கிற உரிமையை நானே கொடுத்துவிட்டேன். மனிதன் வாசிக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அப்படிக் கேட்பதற்கு முதலில் நாம் வாசிக்க வேண்டுமே.

பசிக்கு வாசிக்கிறவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூலி வாங்குங்கள், நன்றாகப் பேசி வாங்குங்கள். நான் கேட்பது வேறு. அட்வான்ஸ் வாங்கும்போதே, நாங்கள் ஊதித்தான் வாசிப்போம், டிராக்குக்கு நிற்க மாட்டோம் என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுவோம். நான் ஒருவன் சொன்னால் அந்தக் கம்பெனி அடுத்த செட்டுக்குப் போன் போடும். அடுத்தவரும் அதையே சொன்னால் எங்கே போகும்? இருபது நிமிடம் ராகத்துக்கு என்பதையும் பேச்சிலேயே வைத்துவிடுவோம். பெண் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை, "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தோடி வாசிக்கிறேங்க" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு அவர்களுக்கும் மனம் வராது. இதுவரை பேச்சிலேயே நான் சொல்லி வைத்த ஒன்பது வீட்டில் ஒருவரும் மறுக்கவில்லை.

மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயனம் வெட்டவெளிக்கு என்றே செய்த வாத்தியம். நாலு வீதிக்கும் கேட்கும். அதன் அணசிலேயே மைக்கைக் கவ்வவைத்து, தவிலின் இரண்டு பக்கமும் இரண்டு மைக்கை வைத்து, எதிரொலியையும் ஏற்றிவிட்டால் கமகம் எங்கே போய் நிற்கும்? எல்லாம் ஒரே இரைச்சல். மூடிய மண்டபத்தில் பாட்டிமார் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாயனம் காதைப் பிளக்கிறது என்று பேர் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். சின்ன மண்டபமானால் மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். பூவரசங்குச்சி தவிலின் இடப்பக்கத் தொப்பியில் விழும் சத்தமும், வலப்பக்க வலந்தலையில் கூடு என்னும் உறை போட்ட விரல் பேசுவதும் தனித்தனியாகக் காதில் விழட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கைபேசியில் அரை நிமிட வீடியோ போடுகிறீர்கள். போடுங்கள், நானும் பார்க்கிறேன். உங்கள் விரல் ஓட்டம் என் விரலுக்கு அந்த வயதில் இல்லை. ஆனால் சாதகம் செய்யும்போதே அந்த அரை நிமிடத்துக்கு என்று செய்கிறீர்களே, அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. முதல் மூன்று நொடியில் தாரஸ்தாயிக்குப் போய் பிருகா. அதற்கு முன்னால் ஸ எங்கே, ரி எங்கே? ஷட்ஜத்தில் நின்று, கீழே இறங்கி, ஒவ்வொரு சுரமாகக் கதவைத் திறந்து போகிற பொறுமை விரலுக்குப் பழகாவிட்டால், நாளை ஒரு ராத்திரி முழுக்க வாசிக்கச் சந்தர்ப்பம் வரும்போது உங்களிடம் அரை நிமிடம்தான் இருக்கும். மூன்று வருஷம் இசைப்பள்ளியில் உட்கார்ந்து கற்றதை மூன்று மாதத்தில் செட்டுக்காரர்கள் மறக்கடித்துவிடுகிறார்கள். அந்தச் செட்டுக்காரர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். என்னிடம் வாசித்த ஒரு பையன், "சார் காம்போதி சொல்லிக் குடுத்தாங்கண்ணே, வாசிக்கவே இடமில்ல" என்று சொன்னபோது சிரித்துவிட்டுப் போனேன். அவனிடம் இந்த மடலின் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற வைகாசியில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பத்து நாள் உற்சவம். ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனம். கோயில் பெரியவர்களிடம் பேசிவிட்டேன். அன்று மைக் இல்லை, வேன் இல்லை, ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு ராகம், முனைக்கு முனை நின்று வாசிக்கிறோம். கோயில் கொடுப்பது வழக்கமான சம்பளம்தான், வருகிறவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். சாப்பாடும் படுக்கையும் என் வீட்டில். கீழவீதி என்னுடையது. தெற்கு வீதிக்கு ஒரு அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வடக்கு வீதியில் அந்தப் பையன் காம்போதி வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், வருவானா தெரியவில்லை. மேலவீதிக்கு இன்னும் ஆள் இல்லை.

சுருதி இரண்டு கட்டை. சீவாளி ஈரம் காயாமல் கொண்டு வாருங்கள். புறப்பாடு ஒன்பதரைக்கு, முன்னே பின்னே ஆகும். போன வைகாசியில் கையை வைத்துப் பார்த்த அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு பத்திரிகை அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்துக்குக் கிழக்கேயிருந்து ஒரு நாயனக்காரன்